கலந்தாலும் கரையாத குரல்கள்

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றப்படும் நாட்களில், பக்கீர் பாவாமார் றபான் தட்டிப் பாடும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இக்கரையோரத்தில் ஏராளம். அந்த ஓசையில் அரபுச் சொல் உண்டு. தமிழ்ச் சந்தம் உண்டு. வங்கக் கடலைக் கடந்து வந்த நாகூரின் நினைவும் உண்டு. ஆயினும் அதனைக் 'கலப்பிசை' என்று எவரும் அழைத்ததில்லை. நம்முடைய இசை என்றே அழைத்தார்கள்.

இந்த நினைவோடு இன்று நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் வாசகர்கள் பலருக்குத் தொலைவானதாகத் தோன்றக்கூடும். பியானோ, டபிள் பேஸ், ட்ரம்ஸ் ஆகிய மூன்று கருவிகளோடு ஜாஸ் இசை வழங்கும் மூவர் குழுக்களைப் பற்றியும், அவற்றுள் சிறப்பாக அமெரிக்கத் தமிழரான விஜய் ஐயரின் குழுவைப் பற்றியும் இங்கு எழுதுகிறோம். பல பண்பாடுகளின் இசை ஒரு மேடையில் சேரும்போது என்ன நிகழ்கிறது? கலத்தல் என்பது கரைந்துபோதல்தானா? தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியைப் பேசிக்கொண்டு அடுத்தடுத்து வாழும் கல்முனை போன்றதொரு நகரில், இக்கேள்விகளை வெறும் கலை ஆர்வத்தின் பாற்பட்டவை என்று ஒதுக்கிவிட முடியாது.

முதலில் ஜாஸ் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்காவின் தென்பகுதித் துறைமுக நகரான நியூ ஓர்லியன்ஸில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவ்விசை உருப்பெற்றது. இதனை உருவாக்கியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள். ஆபிரிக்கத் தாளம், தேவாலயப் பாடல், வயல்களில் பிறந்த துயரப் பாடல், ஐரோப்பிய நடன இசை, இராணுவப் பித்தளை வாத்தியம், கரிபியன் தீவுகளின் இசை ஆகிய அனைத்தும் அதில் வந்து சேர்ந்தன. எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பது ஜாஸ் கலைஞரின் நோக்கமன்று. ஒரு மெட்டை முதலில் எடுத்துரைத்து, பின்னர் அதன் கட்டுக்கோப்பினுள் நின்றவாறே அந்தந்தக் கணத்தில் புதிதாக வளர்த்துச் செல்வதே அவரது பணி. நமது கர்நாடக இசையில் மனோதர்மம் என்று கூறப்படுவதும், நாதஸ்வரக் கச்சேரியில் தவில்காரர் தனி ஆவர்த்தனத்தில் காட்டும் கற்பனையும் இதற்கு நெருங்கிய உறவு எனலாம்.

இவ்விசையின் பல்வேறு அமைப்புகளுள் மூவர் குழு மிகவும் கடினமானது. எண்பத்தெட்டுக் கட்டைகள் கொண்ட பியானோ மெட்டையும் சுரக்கூட்டையும் தருகிறது. ஆளுயரத்துக்கு நிற்கும் டபிள் பேஸின் தடித்த நரம்புகளை விரலால் சுண்டும்போது எழும் ஆழ்ந்த ஒலி இசைக்கு அத்திவாரமாக அமைகிறது. ட்ரம்ஸ் காலத்தை அளக்கிறது. மறைந்துகொள்வதற்குப் பெரிய வாத்தியக் கூட்டம் இல்லை. ஒருவர் தவறினால் உடனே தெரிந்துவிடும். ஒருவர் மற்றவரைக் கேட்காமல் வாசித்தாலும் தெரிந்துவிடும். தொடக்க காலத்தில் பியானோ கலைஞரே எசமானராகவும் ஏனைய இருவரும் துணைவர்களாகவும் கருதப்பட்டனர். அந்நிலையை மாற்றியவர்களுள் முன்வரிசையில் நிற்கும் ஒருவர் ஒரு முஸ்லிம் என்பது நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டியதொரு செய்தியாகும்.

1930ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரில் பிறந்து, 1950களின் தொடக்கத்தில் இஸ்லாத்தைத் தழுவி அஹ்மத் ஜமால் என்று பெயர் கொண்ட கறுப்பினக் கலைஞரே அவர். 1958 ஜனவரியில் சிக்காகோவின் பெர்ஷிங் ஹோட்டலில் அவரது மூவர் குழு வழங்கிய நிகழ்ச்சி இசைத்தட்டாக வெளிவந்து, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நூறு வாரங்களுக்கு மேல் இடம்பெற்றது. ஜாஸ் இசைத்தட்டு ஒன்றுக்கு இது அரியதொரு பேறு. அதில் பெரும்புகழ் பெற்ற 'பொயின்சியானா' என்னும் உருப்படியின் மூலம் கியூபா நாட்டின் நாட்டார் மெட்டொன்று. ட்ரம்ஸ் வாசித்த வெர்னல் ஃபோர்னியே நியூ ஓர்லியன்ஸ்காரர். அந்நகரத் தெரு ஊர்வலங்களின் தாளச் சாயலை அவர் அதற்குள் கொண்டுவந்தார். பேஸ் கலைஞர் இஸ்ரேல் குரோஸ்பி ஒரு சிறு சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசித்து நிலம் அமைத்துக் கொடுத்தார். ஜமாலோ பல இடங்களில் வாசிக்காமலே இருந்தார்! தாம் மௌனமாக இருந்து மற்ற இருவருக்கும் இடம் விடுவதை அவர் ஒரு கலையாகவே ஆக்கினார். எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் இந்த மௌனத்தைத் தாம் கற்றுக்கொண்டதாக வெளிப்படையாகவே கூறியவர்.

1959இல் ஜமால் சிக்காகோவில் உணவகத்தோடு கூடிய இசையரங்கு ஒன்றைத் திறந்து, முஸ்லிம் ஸ்பெயினின் புகழ்பெற்ற மாளிகையை நினைவூட்டும் வகையில் 'அல்ஹம்ரா' என்று அதற்குப் பெயரிட்டார். ஜாஸ் அரங்குகள் மதுவிற்பனையிலேயே பிழைத்த அக்காலத்தில் அங்கு மதுபானம் பரிமாறப்படவில்லை. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை என்பது உண்மைதான். எனினும், பிறர் உருவாக்கிய களத்தில் நுழையும்போது தன் ஒழுக்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டியதில்லை என்பதை அவர் செய்து காட்டினார். 2023 ஏப்ரலில், தமது 92ஆவது வயதில் அவர் காலமானார். இசைக் கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன என்பதை நாம் அறிவோம். அவ்விவாதத்தில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு மனிதர் தமது நம்பிக்கையையும் தமது கலையையும் எவ்வாறு ஒருங்கே சுமந்தார் என்பதையே நாம் சுட்டுகிறோம்.

இரண்டாவது குழு நமது தீவோடு ஒரு பழைய உறவைக் கொண்ட நகரிலிருந்து வந்தது. தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகருக்கு ஒல்லாந்தர் தமது ஆட்சிக் காலத்தில் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும், இந்தியக் கரையோரங்களிலிருந்தும், இலங்கையிலிருந்தும் மக்களை அடிமைகளாகவும் கைதிகளாகவும் கொண்டுசென்றனர். அந்நகரின் முஸ்லிம் சமுதாயம் இவ்வாறு வந்தோரிடையேதான் வேர்விட்டது. அத்தகைய பல்லின நகரில் 1934இல் பிறந்த டொலர் பிராண்ட் என்ற பியானோ கலைஞரின் மூவர் குழுவை 1963இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் கேட்ட ஜாஸ் மேதை டியூக் எலிங்டன், பாரிஸுக்கு அழைத்து ஒலிப்பதிவு செய்வித்தார். 1968இல் இஸ்லாத்தை ஏற்று அப்துல்லாஹ் இப்றாஹீம் என்று பெயர் கொண்ட அவர், 1974இல் வெளியிட்ட 'மனன்பேர்க்' என்னும் இசை, நிறவெறி ஆட்சிக்கு எதிரான மக்களின் கீதமாகவே மாறியது. இனங்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது என்று சட்டம் இயற்றிய நாட்டில், தேவாலயப் பாடலும் கேப்டவுன் தெருத் தாளமும் ஆபிரிக்க நகர்ப்புற இசையும் ஓர் உருப்படிக்குள் கைகோத்து நின்றதே ஓர் எதிர்ப்புக் குரலாயிற்று.

இனி விஜய் ஐயரிடம் வருவோம். தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு 1971இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்த இவர், மூன்று வயதிலிருந்து மேலைத்தேய முறையில் வயலின் கற்றார். பியானோவைப் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் பயின்று, பின்னர் இசையை மனிதர் எவ்வாறு உணர்கின்றனர் என்பது பற்றிய ஆய்வுக்காக 1998இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 2013இல் மக்ஆதர் புலமைப் பரிசு கிடைத்தது. 2014 முதல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

பேஸ் கலைஞர் ஸ்டீபன் கிரம்ப், ட்ரம்ஸ் கலைஞர் மார்கஸ் கில்மோர் ஆகியோருடன் அவர் 2009இல் வெளியிட்ட 'ஹிஸ்டோரிசிட்டி' என்னும் இறுவட்டு உலகின் கவனத்தை ஈர்த்தது. அதில் அமெரிக்க மேடை நாடகப் பாடல் ஒன்றுண்டு. கறுப்பினப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் பாடல் உண்டு. மூத்த ஜாஸ் மேதைகளின் ஆக்கங்கள் உண்டு. அவற்றோடு, யாழ்ப்பாணத்தில் சிறுபராயத்தைக் கழித்துப் போரினால் இலண்டனுக்கு இடம்பெயர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் பாடிய 'கலாங்' என்னும் பாடலும் இடம்பெற்றது. இலங்கைத் தமிழ் அகதிப் பெண்ணொருத்தியின் பாடலை, தமிழ்நாட்டு வம்சாவளிப் பியானோ கலைஞரும் இரு அமெரிக்கரும் ஜாஸ் மொழியில் பேசுகின்றனர். உலகம் சுருங்கிவிட்டது என்று பொதுவாகக் கூறுவதைவிட, இந்த ஒரே உதாரணம் நமக்குப் பலவற்றை உணர்த்துகிறது.

அதே இறுவட்டில் 'மிஸ்டிக் புரூ' என்னும் உருப்படியின் தாளம் குறித்து விஜய் ஐயரே விளக்கம் எழுதியுள்ளார். முந்திய இரண்டு எண்களைக் கூட்ட அடுத்த எண் கிடைக்கும் 1, 2, 3, 5, 8, 13 என்ற வரிசையே அத்தாளப் பிரிவுகளின் அடிப்படை. சந்தம் அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. இவற்றைக் கொண்டு இரண்டு மாத்திரை அளவை நிரப்ப இரண்டு வழிகள் உண்டு: இரு குறில், அல்லது ஒரு நெடில். மூன்று மாத்திரைக்கு மூன்று வழிகள், நான்குக்கு ஐந்து, ஐந்துக்கு எட்டு. இவ்வாறு செய்யுளின் அளவை எண்ணியே இந்திய யாப்பறிஞர்கள் இவ்வரிசையைக் கண்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சமண அறிஞர் ஹேமச்சந்திரர் இதனைக் கூறியுள்ளார். ஆயினும் உலகில் இது இத்தாலியரான ஃபிபொனாச்சியின் பெயராலேயே வழங்குகிறது. 1202இல் நூல் எழுதிய அந்த இத்தாலியரோ, இந்தியாவில் பிறந்து அரபு அறிஞர்களால் பரப்பப்பட்ட எண்முறையை, வட ஆபிரிக்காவின் முஸ்லிம் துறைமுகமொன்றில் சிறுவயதில் கற்றவர். ஒரு ஜாஸ் தாளத்தின் பின்னால் இத்தனை கரைகள்! எந்தப் பண்பாடும் தனித்து வளர்ந்ததில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

விஜய் ஐயர் மூவராக அமைத்த வேறு இரு குழுக்களையும் குறிப்பிடுதல் வேண்டும். 2011இல் வெளிவந்த 'தீர்த்த' என்னும் இறுவட்டில், கித்தாரில் கர்நாடக இசை வாசிக்கும் தமிழ்நாட்டுக் கலைஞர் பிரசன்னாவும், ஹைதராபாத்தைச் சேர்ந்த தபேலாக் கலைஞர் நிதின் மிட்டாவும் அவருடன் இணைந்தனர். 2023இல் வெளிவந்த 'லவ் இன் எக்சைல்' என்னும் இறுவட்டில், லாகூரில் வளர்ந்த பாடகி அரூஜ் அஃப்தாபும், பாகிஸ்தானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஷஹ்சாத் இஸ்மாயிலியும் இணைந்தனர். அரூஜ் அஃப்தாப் 2022இல் கிராமி விருது பெற்ற முதலாவது பாகிஸ்தானியக் கலைஞர் ஆவார். இந்தியாவும் பாகிஸ்தானும் பகைத்து நிற்கும் காலத்தில், தமிழ் வழிவந்த ஒருவரின் பியானோவும் உர்துக் குரலும் மிக மெதுவாக ஒன்றையொன்று தேடிச் செல்வதை அதில் கேட்கலாம்.

இவரது இசை வெறும் இனிமையோடு நின்றுவிடுவதுமில்லை. 2001 ஏப்ரலில் ஈரானியத் திரைப்பட இயக்குநர் ஜாஃபர் பனாஹி, விமானம் மாறுவதற்காக நியூயோர்க்கில் இறங்கியபோது, கைரேகை கொடுக்க மறுத்தமைக்காக விலங்கிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். தாம் குற்றவாளியல்லர், ஒரு கலைஞர் என்பதைச் சக பயணிகளுக்கு எந்த மொழியில் சொல்வது என்று அவர் பின்னர் கலங்கி எழுதினார். அந்தக் கேள்வியையே தலைப்பாகக் கொண்டு, கவிஞர் மைக் லாட்டுடன் சேர்ந்து 2003இல் ஓர் இசைப் படைப்பை விஜய் ஐயர் வெளியிட்டார். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற அனுபவம் நம் வாசகர்களுள் தமிழர்க்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. அக்கேள்வியின் கனத்தை நாம் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இக்குழுக்களின் வரலாற்றிலிருந்து நாம் காணக்கூடிய பொது உண்மைகள் மூன்று. முதலாவது, எடுத்ததை யாருடையது என்று சொல்லிவிட்டு எடுத்தல். ஜாஸ் கறுப்பின மக்களின் படைப்பு என்பதையும், தாம் அதற்குக் கடன்பட்டவர் என்பதையும் விஜய் ஐயர் தொடர்ந்து வலியுறுத்தி வருபவர். இரண்டாவது, தன் குரலை இழக்காதிருத்தல். பேஸ், பியானோவைப் போல ஒலிக்க முயல்வதில்லை. தபேலா ட்ரம்ஸ் வேடம் பூணுவதில்லை. அப்படிச் செய்தால் மூன்று கருவிகளுக்குத் தேவையே இல்லை. மூன்றாவது, கேட்டல். தான் வாசிப்பதைவிட மற்றவர் வாசிப்பதைக் கூர்ந்து கேட்பவரே நல்ல மூவர் குழுக் கலைஞர். இம்மூன்றும் இல்லாத கலப்பு வெறும் சந்தை இரைச்சலாகவே முடியும்.

இப்போது நமது கரைக்குத் திரும்புவோம். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும் வீதி இது. தாய்வழிக் குடி முறையும், மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இரு சமூகங்களுக்கும் பொது. தமிழ்க் கிராமத்தில் கூத்துப் பழக்குபவரும் அண்ணாவியார். முஸ்லிம் கிராமத்தில் பொல்லடி பழக்குபவரும் அண்ணாவியார். வயலில் பிறந்த கவிகளின் சந்தமும் பெரிதும் ஒன்றே. அதே வேளை இரண்டும் ஒன்றல்ல, ஒன்றாக வேண்டியதுமில்லை.

ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்த வீதி கண்டவை வேறு. 1985இலும் 1990இலும் ஏற்பட்ட காயங்களின் தழும்பு இருபுறமும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அது எவரின் சமயத்தையும் கேட்கவில்லை. அந்நாட்களில் இருபுறமும் ஒருவருக்கொருவர் சோறு கொடுத்ததை நாம் மறக்கவில்லை. எனினும் 2019 ஜூனில், கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தில் ஒருபுறம் உண்ணாவிரதமும் மறுபுறம் சத்தியாக்கிரகமும் நடைபெற்றன. அவ்விவகாரத்தின் நியாய அநியாயங்களை இங்கு நாம் ஆராயவில்லை. இரு கூடாரங்களிலும் இருந்தது ஒரே அச்சம் என்பதையே கூற விரும்புகிறோம்: 'மற்றவரோடு சேர்ந்தால் நாம் கரைந்து போவோம்' என்ற அச்சம். ஓர் இசைக்குழு நிர்வாக எல்லையைத் தீர்மானிக்கப் போவதில்லை. ஆயினும் கரைதலுக்கும் பிரிதலுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு என்பதை அது காதால் கேட்கும்படி நிரூபிக்கிறது.

இந்த மூன்றாவது வழியும் நமக்கு அயலானதன்று. விஞ்ஞானப் பட்டதாரியாக இருந்து, கணிதத்தின் துணையோடு பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவு, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையில்தான் இருக்கிறது. பௌதிகம் படித்த விஜய் ஐயர் இன்று செய்வதைப் போன்றதொரு பணிக்கு, இந்த மண்ணில் முன்னோடி இருந்திருக்கிறார். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டிய நிந்தவூர் எழுத்தாளர் எஸ். முத்துமீரானின் உழைப்பும் நம் முன் உள்ளது.

ஏட்டில் ஏறிய பாடல் சொற்களைக் காக்கும். அதைப் பாடிய குரலையும் தட்டிய தாளத்தையும் காக்காது. றபான் பிடித்த கைகளும், பொல்லடி பழக்கிய அண்ணாவிமாரும் முதுமையடைந்து வருகின்றனர். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பில் விபுலானந்தரின் பெயரால் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகமும் கைகோத்து, இரு சமூகத்து அண்ணாவிமாரையும் பாவாமாரையும் ஊரூராகச் சென்று ஒலிப்பதிவு செய்ய முடியாதா? பதிவு செய்ததை இரு சமூகத்துப் பாடசாலைகளுக்கும் கொடுக்க முடியாதா? இதற்குப் பெருநிதி தேவையில்லை; மனமும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் போதும்.

பிறர் உலக மேடையில் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கலப்பு, நம் வாசலில் பெயரின்றி வாழ்ந்திருக்கிறது. அஹ்மத் ஜமால் தாம் வாசிக்காத இடங்களாலும் நினைவுகூரப்படுகிறார். மற்றவர் பேசுவதற்காக நாம் சற்று மௌனமாக இருந்து கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு நாமும் கற்றுக்கொடுப்போமாக. அதற்கு முதற்படியாக, அயலூரின் பாடலை அவர்கள் ஒருமுறையேனும் கேட்கச் செய்வது மூத்தவர்களாகிய நமது கடமையாகும்.